மன்னிக்கும் உரிமை யாருக்கு?

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 பிப்ரவரி 4ஆம் நாள் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதிலுள்ள தடுப்பாணைகளும், இன அமைப்புகளுக்குள் அயல்நாட்டுச் செல்வாக்கு நுழையாமல் காக்கும் விதிகளும் பேசப்பட்ட அளவுக்கு இன்னொரு பிரிவு பேசப்படவில்லை என்பது நம் எண்ணம். வேறோர் இனத்தாரைப் புண்படுத்தும் குற்றம் புரிந்தவரிடம், வழக்கு மன்றத்துக்குச் செல்வதற்கு முன், உறவைச் சீர்செய்யும் வழியொன்றை அரசு முன்வைக்க அப்பிரிவு இடந்தருகிறது. வெளிப்படையாகவோ தனிமையிலோ மன்னிப்புக் கேட்பதும், புண்பட்ட சமூகத்தாரின் வாழ்வை அறிந்துகொள்ளும் நிகழ்ச்சிகளில் பங்கேற்பதும் அவ்வழியில் அடங்கும். ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். ஏற்றுச் செவ்வனே நிறைவேற்றினால், வழக்குத் தொடுப்பதா என முடிவெடுக்கும்போது அது கருத்தில் கொள்ளப்படும். மறுத்தால் வழக்கு தன் வழியே செல்லும். சமயம் தொடர்பான குற்றங்களுக்கு இத்தகைய ஏற்பாடு, 2019இல் திருத்தப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தின்வழி ஏற்கெனவே வந்து, 2022 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது.

இதை நாம் வரவேற்கிறோம். வாய் தவறியவனையெல்லாம் சிறைக்கு அனுப்பி ஒரு நாட்டில் இணக்கத்தை வளர்த்துவிட முடியாது. ஆயினும் வரவேற்போடு நின்றுவிடச் சிறுபான்மையினராகிய நம்மால் இயலவில்லை. மன்னிப்பைக் கேட்குமாறு சொல்பவர் அமைச்சர். கேட்பவர் தவறு செய்தவர். கொடுப்பவர் யார்? காயம்பட்ட தனி மனிதரா, அவர் பெயரால் பேசும் சமூகத் தலைவரா, அவ்விருவருக்கும் மேலே நிற்கும் அரசா? இக்கேள்விக்கு இந்தத் தீவு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக வெவ்வேறு விடைகளைத் தந்து வந்திருக்கிறது.

முதல் விடை தலைவர்களுக்குச் சாதகமானது. 1819 ஜூன் 26ஆம் நாள் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்சும் சுல்தான் உசேனும் மலாய்த் தலைவரான தெமெங்கோங்கும் செய்துகொண்ட ஏற்பாட்டில், ஒவ்வொரு சாதிக்கும் கம்பத்துக்கும் (சிற்றூருக்கும்) உரிய தலைவர்கள் தத்தம் மக்களின் வழக்குகளைத் தீர்க்கலாம் என்று இருந்தது. ரெசிடெண்ட் எனப்பட்ட பிரிட்டிஷ் ஆட்சியாளரும் சுல்தானும் தெமெங்கோங்கும் திங்கள்தோறும் காலை 10 மணிக்கு ரூமா பிச்சாரா என்னும் ஆலோசனை மன்றத்தில் கூடுவர். தலைவர்கள் அங்கே வந்து நடந்ததைத் தெரிவிப்பர். அவ்வாண்டே பினாங்கிலிருந்து வந்து செங்கல் சூளை வைத்த நாராயண பிள்ளைக்குத் தமிழர் பூசல்களைத் தீர்க்கும் பொறுப்பு அளிக்கப்பட்டது. 1827இல் சௌத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலை எழுப்பியவரும் அவரே. ஆலயமும் வழக்கும் ஒருவர் கையில் இருந்த காலம் அது. ஆனால் அதே ஏற்பாட்டில் இன்னொரு வரியும் இருந்ததைப் பலர் மறந்துவிடுகின்றனர். தலைவன் தன் மக்களுக்கு நேர்மையாக நடக்காவிடில், அவர்கள் ரெசிடெண்டிடம் நேரே வந்து முறையிடலாம். ஊர்ப்பெரியவரின் நடுநிலையை அப்படியே நம்பிவிட அந்த முதலாண்டிலேயே எவரும் துணியவில்லை.

இரண்டாம் விடை விரைவில் வந்தது. சமயச் சடங்கு, திருமணம், மரபுரிமை ஆகியவற்றில் மலாய் வழக்கத்தை மதிப்பதென்றும், மற்றவற்றில் பிரிட்டிஷ் அதிகாரத்தின் சட்டமே செல்லுமென்றும் 1823 ஜூன் 7ஆம் நாள் உடன்படிக்கை வகுத்தது. 1826ஆம் ஆண்டின் இரண்டாம் நீதிச் சாசனம் ஆங்கிலச் சட்டத்தைக் கொணர்ந்தது. இந்தியாவில் 1860இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் சிறு மாற்றங்களோடு 1872இல் சிங்கப்பூர் உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களில் நடப்புக்கு வந்தது. ஆக, மணம் முடிப்பதிலும் சொத்துப் பிரிப்பதிலும் அவரவர் வழக்கம் நீடித்தது. அடித்தாலும் வெட்டினாலும் வழக்கு அரசுடையதாயிற்று. இப்போக்கு இங்கு மட்டும் இருந்ததன்று: யாழ்ப்பாணத்துத் தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டத்தை 1707இல் தொகுத்த ஒல்லாந்தரும் சீதனத்தையும் முதுசத்தையும் அடைமானத்தையுமே அதில் முதன்மையாக எழுதி வைத்தனர். பிற்காலத்தில் சிங்கப்பூர், மணவாழ்விலும் வழக்கத்தின் எல்லையைக் குறுக்கியது. 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம் இந்து, சீனப் பலதார மணங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. முஸ்லிம்களுக்கு மட்டும் 1958இல் அமைந்த ஷரியா நீதிமன்றமும் 1966ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டமும் தனி வழி வகுத்தன. அவற்றுக்கும் குற்றவியல் வழக்குகளில் பொதுச் சட்டத்தை விலக்கும் அதிகாரம் இல்லை.

இந்தப் பிரிவினையால் இழப்பே இல்லையென்று கூறமாட்டோம். குற்றத்துக்குப் பின்னும் உறவு தொடர வேண்டும் என்ற கவலை பழைய வழக்காற்றில் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிப்போர் இதைக் காணலாம். வேட்டையில் எய்த அம்பு தவறுதலாக மனிதன்மேல் பாய்ந்து உயிர் போகிறது. நாட்டார் கூடி ஆராய்கின்றனர். பகையின்றி நேர்ந்தது என்பதால் உயிருக்கு உயிர் கேளாமல், கோயிலில் நந்தா விளக்கு எரிக்கக் கடவன் என விதிக்கின்றனர். ஒரு விளக்குக்கு நெய் தரப் பெரும்பாலும் 96 ஆடுகள்; சாவா மூவாப் பேராடு என்பது அவற்றுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர். கடுமையான காலத்தில் அது கனிந்த தீர்ப்பே. ஆனாலும் ஆடுகள் சென்றது கோயிலுக்கு. இறந்தவன் வீட்டில் அன்று உலை கொதித்ததா என்பதைப் பொதுவாக அக்கற்கள் சொல்வதில்லை. சமூகம் தன் அமைதியை மீட்டுக்கொண்டது. அவன் மனைவி மன்னித்தாளா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தமிழகத்துக் கட்டப் பஞ்சாயத்தில் இக்குறை கொடுமையாகவே வளர்ந்தது. பணமும் சாதியும் உடையவன் அடித்தால் ‘பேசி முடிக்கப்படும்’. இல்லாதவன் நிமிர்ந்து நின்றாலே ஊர்விலக்கு வரும். இரட்டைக் குவளை முறையைக் கண்டித்த 2011 ஏப்ரல் தீர்ப்பில், கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டத்துக்குப் புறம்பானவை என்று இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் கூறியதோடு, அவற்றைத் தடுக்கத் தவறும் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டனர். பழைய மரபு என்ற போர்வைக்குள் அது நெடுங்காலம் ஒளிந்திருந்தது.

சிங்கப்பூரில் அத்தகைய பஞ்சாயத்து இல்லை. ஆயினும் சமூகம் சிறிதாக இருக்குமிடத்தில் வேறுவகை நெருக்குதல் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டு வாசிகளில் இந்தியர் 9 விழுக்காட்டினர். அவர்களுள்ளும் தமிழ் பேசுவோர் ஒரு பகுதியே. சனிக்கிழமை மாலை தேக்கா சந்தையில் கறிவேப்பிலை வாங்கும்போது எதிரே வருபவரைத்தான் மறுநாள் வீரமாகாளியம்மன் கோயில் வரிசையிலும், அடுத்த வாரம் ஒரு திருமண மண்டபத்திலும் காண நேரும். அப்படிப்பட்ட இடத்தில், கணவனிடம் அடிபட்ட பெண்ணிடம் ‘புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள், குடும்ப மானம் போகும்’ என்று சொல்லப் பஞ்சாயத்து மேடை வேண்டியதில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். சமரசம் என்ற நற்பெயரில் பெண்கள் விழுங்கிய துயரத்துக்கு நம் சமூகம் இன்னும் கணக்குக் காட்டவில்லை.

இதனால்தான், சமரசத்துக்குச் சட்டம் இட்டிருக்கும் வேலியை நாம் குறைசொல்வதில்லை. சிறு காயம் விளைவித்தல் போன்ற சில குற்றங்களில் பாதிக்கப்பட்டவரே இணங்கி வழக்கை முடித்துக்கொள்ளக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது. எவ்வெவற்றை யார் முடித்துக்கொள்ளலாம் என்று நான்காம் அட்டவணை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் பலவற்றில், விசாரணையோ வழக்கோ தொடங்கிவிட்டால் அரசாங்க வழக்கறிஞரின் இசைவும் வேண்டும். பட்டியலுக்கு வெளியே பணம் வாங்கிக்கொண்டு குற்றத்தை மறைப்பதோ தனிக்குற்றம். 1998இல் மரீன் பரேடில் தொடங்கிய சமூக சமரச நிலையம் அண்டைவீட்டாரின் சண்டைகளைத் தன்னார்வ நடுவர்களைக் கொண்டு தீர்த்து வருகிறது. நேரடிப் புகாரோடு தம்மிடம் வருபவரை அங்கே அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. கோலம் போட்ட நடைபாதையும், தூபப் புகையும், நள்ளிரவில் நகர்த்தப்படும் நாற்காலியும் சண்டைக்குக் காரணமாகும் அடுக்குமாடி வீடுகளில் இது பயனுள்ள பணி. இங்கெல்லாம் ஒன்று தெளிவு: மேசையின் ஒரு பக்கத்தில் நொந்தவர் தாமே உட்கார்ந்திருக்கிறார்.

இனமும் சமயமும் சம்பந்தப்படும்போதுதான் அந்த நாற்காலி வெறுமையாகிறது, அல்லது வேறு ஒருவர் வந்து அதில் அமர்கிறார்.

2017ஆம் ஆண்டின் நிகழ்வு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். சௌத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலிலிருந்து சற்றுத் தொலைவில், தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்து அங்கே பணிபுரிந்த இமாம் ஒருவர், அவ்வாண்டு ஜனவரியில் வெள்ளித் தொழுகையின்போது, யூதர்க்கும் கிறிஸ்தவர்க்கும் எதிராக இறைவனின் உதவியை வேண்டும் வாசகத்தை அரபியில் கூறினார். காணொளி பரவியது. தம் ஊரிலிருந்த பழைய ஏடொன்றிலிருந்து அதை எடுத்ததாக அவர் சொன்னார். மார்ச் 31ஆம் நாள் கிறிஸ்தவ, சீக்கிய, தாவோயிச, பௌத்த, இந்துப் பிரதிநிதிகளும் முஸ்லிம் தலைவர்களும் அமர்ந்திருந்த அறையில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். பின்னர் வாட்டர்லூ வீதியிலுள்ள மகாயின் அபோத் யூத ஆலயத்துக்கே சென்று வருந்தினார். வந்தவரை அங்கிருந்தோர் அன்போடு ஏற்றனர். ஏப்ரல் 3ஆம் நாள் நீதிமன்றம் அவருக்கு 4,000 வெள்ளி அபராதம் விதித்தது. அபராதம் கட்டியபின் தாயகத்துக்கு அனுப்பப்பட்டார்.

அரசின் பக்கத்து நியாயம் வலுவற்றதன்று. சிறுபான்மைச் சமயத்தவர் என்பதற்காகச் சலுகை காட்டினால், நாளை பெரும்பான்மையினரில் ஒருவர் நம்மைப் பழித்துவிட்டு அதே சலுகையைக் கேட்பார். இதற்கு மறுபக்கமும் உண்டு. 2010இல் பௌத்தத்தையும் தாவோயிசத்தையும் எள்ளி நகையாடிய கிறிஸ்தவப் போதகர் ஒருவர், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அழைத்துப் பேசியபின், அச்சமயத் தலைவர்களை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டார், வழக்கு வரவில்லை. இருவரின் சொற்களும் சூழலும் ஒன்றல்ல என்பதை அறிவோம். ஆனால் ஒருவர் மன்னிக்கப்பட்டபின் தம் சபையிலேயே தொடர்ந்தார். மற்றவர் மன்னிக்கப்பட்டபின் விமானம் ஏறினார். மன்னிப்பின் பயன், மன்னிக்கப்பட்டவர் அந்தத் தெருவிலேயே தொடர்ந்து வாழ்ந்து, தாம் சொன்னதைத் தம் நடத்தையால் மெய்ப்பிப்பதில் இருக்கிறது. யூத ஆலயத்துக்குச் சென்றுவந்த அந்த இமாம் அடுத்த வெள்ளிக்கிழமை தம் மிம்பர் மேடையில் நின்று என்ன பேசியிருப்பார் என்று கேட்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

2017இலிருந்து நான்கு ஆண்டு பின்னோக்கிச் சென்றால் இன்னும் கசப்பான பக்கம். 2013 டிசம்பர் 8ஆம் நாள் ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், ஊழியர்களை ஏற்றிச்செல்லும் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கித் தமிழகத்துக் கட்டுமான ஊழியர் ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்த கலவரத்தில் ஏறத்தாழ 300 பேர் ஈடுபட்டனர். காவல் வாகனங்களும் ஆம்புலன்சும் எரிந்தன. 25 பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. 57 பேர் நாடு கடத்தப்பட்டனர். ஏறத்தாழ 200 பேர் காவல்துறையின் அறிவுரையோடு விடப்பட்டனர். ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூனில் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவைத் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரமாக்கியது.

கலவரத்தைப் பேசி முடிக்க வேண்டும் என்று எவரும் சொல்லார், நாமும் சொல்லவில்லை. தீ வைத்தவன் சிறைக்குச் சென்றது முறையே. நம் உள்ளம் நிற்பது அந்த 57 பேரிடம். கலைந்து செல்லுமாறு காவலர் சொன்னபின்னும் கலையவில்லை என்பது அவர்கள் மீதான குறை. அதற்காக அவர்கள் மீது எந்த நீதிமன்றத்திலும் விசாரணை நடக்கவில்லை. குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ தீர்ப்பும் பெறவில்லை. ஊரில் வட்டிக்கு வாங்கி முகவரிடம் கொடுத்த பணம் கைக்கு மீளுமுன்னே திரும்பிச் சென்றவர்கள் அவர்களுள் இருந்திருப்பர். குற்றமோ சிறிது, நொந்தவர்களோ கண்ணெதிரே இருந்தனர். அங்கிருந்த கடைக்காரரும், காயம்பட்ட காவலரும், சாலையைக் கழுவிய துப்புரவாளரும் உறவைச் சீர்செய்யும் முயற்சிக்குரிய மறுதரப்பினர். அவ்வட்டாரத்துக் கடைக்காரர் பலர் தமிழரே. ஞாயிறுதோறும் தம்மிடம் வந்து பணமனுப்பும் ஊழியரைப் பெயர்சொல்லி அழைப்பவர்கள். இரு தரப்பாரையும் ஒரு சுற்று உட்காரவைத்துப் பேச எவரும் முயன்றதாகத் தெரியவில்லை. வேலை அனுமதிச் சீட்டு ரத்தாகிவிட்டால் சமரசம் பேச ஆளே இருப்பதில்லை.

இங்கேதான் புதிய சட்டத்தின் மெய்யான சோதனை வருகிறது. தவறு செய்தவர் குடிமகனாக இருந்தால் மன்னிப்பும் சமூகப் பணியும், அனுமதிச் சீட்டுக்காரராக இருந்தால் பயணச்சீட்டு என்ற இரு வழக்கம் நிலைபெறுமானால், அது புதிய வகைத் தீண்டாமை என்றுதான் வரலாறு எழுதும். கடுஞ்சொல் என்று இதை ஒதுக்குவோர், ஒரே கைகலப்பில் ஈடுபட்ட இருவரில் ஒருவர் எச்சரிக்கையோடு வீடு திரும்ப, மற்றவர் சிறப்பு அனுமதியில் வேலையின்றி மாதக்கணக்கில் விடுதியில் காத்திருக்கும் நிலையை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அத்தகைய மனிதர் கையெழுத்திடும் சமரசத் தாளில் அவர் விருப்பம் எவ்வளவு, அச்சம் எவ்வளவு?

நொந்தவருக்கும் இம்முறையில் குறை உண்டு. 2021 மே மாதம், நோய்ப்பரவல் காலத்தில், சுவா சூ காங்கில் விறுவிறுப்பு நடை சென்றுகொண்டிருந்த இந்திய வம்சாவளிப் பெண்ணை ஒருவர் முகக்கவசம் குறித்து இனப்பழிச் சொல்லால் ஏசி, மார்பில் உதைத்துக் கீழே தள்ளினார். குற்றம் நிறுவப்பட்டு, 2023 ஜூலையில் அவருக்கு நான்கு வாரச் சிறையும், பாதிக்கப்பட்டவருக்கு 13 வெள்ளி 20 காசு இழப்பீடு தருமாறு ஆணையும் வந்தன. சட்டம் தன் கணக்கில் தவறவில்லை. சிறு காயத்துக்கான செலவு அவ்வளவே. அந்த அம்மையார் அதன்பின் அதே பாதையில் நடக்க அஞ்சினார் என்பதற்குத் தொகை குறிக்க எந்த அட்டவணையாலும் இயலாது. அவருக்கு வேண்டியிருந்தது தண்டனையா, முகத்தைப் பார்த்துச் சொல்லும் ஒரு வார்த்தையா, இரண்டுமா என்பதை அவர் ஒருவரே சொல்ல முடியும். இந்தியச் சமூகத்தின் பெயரால் வேறொருவர் அவருக்காக மன்னித்துவிட முடியாது.

பிற நாடுகளும் இச்சிக்கலில் உழன்றவையே. சீனத்தின் லியாங்ஷான் மலைகளில் வாழும் யி மக்களிடையே தேகு எனப்படும் நடுவர்கள் உயிர்ப்பழியைக் குலங்களுக்கிடையே இழப்பீட்டால் தீர்த்து வந்தனர். 2013இல் நடப்புக்கு வந்த திருத்தத்தால் சீனக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சமரசத்துக்கு இடம் தந்தபோதும், தனியார் பூசலால் எழும் சிறு குற்றங்களுக்கும் கவனக்குறைவால் நேரும் சில குற்றங்களுக்கும் மேல் அதை நீட்டவில்லை. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் எண் சட்டம் மத்தியஸ்த சபைகளை நிறுவியது. சில்லறைக் குற்றங்கள் முதலில் அங்கேதான் செல்ல வேண்டும், இணக்கம் எட்டாவிடில் சான்றிதழ் பெற்று நீதிமன்றம் ஏறலாம். நமக்கு மிகவும் பயன்படும் பாடம் நியூசிலாந்தினுடையது. மாவோரி வழக்காற்றை உள்வாங்கி 1989இல் அந்நாடு இளங்குற்றவாளிகளுக்காகக் குடும்பக் கூடல் முறையைச் சட்டமாக்கியது. அக்கூடலில் வந்து அமர்வது பாதிக்கப்பட்டவரின் உரிமை. மரபை அவர்கள் மூப்பரிடம் ஒப்படைக்காமல், நொந்தவர் முன்னிலையில் நடக்கச் செய்தார்கள்.

புதிய இனச் சட்டத்தின்கீழ் விதிமுறைகள் வகுக்கும்போது உள்துறை அமைச்சு இதைக் கருத வேண்டும். தனி ஒருவர் தாக்கப்பட்ட, ஏசப்பட்ட நிகழ்வுகளில், சீர்செய்யும் முயற்சியை முன்வைக்கும் முன்னரே அவரைக் கேட்பதும், அவர் விரும்பாவிடில் அவரை நேரில் நிறுத்தாமலிருப்பதும் எழுத்தில் இடம்பெற வேண்டும். சமூகத் தலைவர்கள் துணையாய் இருக்கட்டும்; அவர்கள் தலையசைப்பு நொந்தவரின் தலையசைப்புக்கு ஈடாகாது. இல்லற வன்முறையில் இனத்தின் பெயராலோ குடும்பத்தின் பெயராலோ சமரசத்துக்கு இடமே வேண்டாம். ஒருவர் முயற்சியை ஏற்று நிறைவேற்றிவிட்டால், அதே செயலுக்காக அவருடைய வேலை அனுமதியை ரத்துசெய்வதில்லை என்று மனிதவள அமைச்சும் உறுதி தர வேண்டும். அவ்வுறுதி இல்லையெனில் அனுமதிச் சீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்பதில் பொருளில்லை. ஆண்டுதோறும் எத்தனை பேருக்கு இவ்வழி காட்டப்பட்டது, எத்தனை பேர் ஏற்றனர், அவர்களுள் வேலை அனுமதியில் இருந்தோர் எத்தனை பேர் என்னும் எண்களை நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். நாம் முதலில் பார்க்கப்போவது மூன்றாவது எண்ணை.